நம்பர் பிளேட்

"என்ன, இன்னிக்குப் பாயசமெல்லாம்?" என்றான் ஷேக் பரீத், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மாதாங்க," என்றாள் நிலோஃபர்.

பஸ் ஓட்டும் கேமுக்காக அவன் வெளியிட்ட தரங்கம்பாடி–கும்பகோணம் பஸ்ஸை இரண்டே நாளில் பத்தாயிரம் பேர் டவுன்லோடு செய்திருந்தார்கள்.

"கேம் குரூப்புல ஒருத்தன் ஒப்பாரி வைக்கிறான். 'அலையாத்தி'ன்னு பேரு. பஸ் அவன் செஞ்சதாம்."

"நிஜமாவா?"

"நிஜந்தான். ஃபைலை அவனே பொதுவுல போட்டு, யார் வேணா மாத்திக்குங்க, என் பேரை மட்டும் சொல்லிடுங்கன்னு எழுதியிருந்தான்."

"சொன்னா என்னங்க?"

"அப்புறம் என்னை எவன் மதிப்பான்? நான்தானே அட்மின், இப்பத்தான் அவனை குரூப்பை விட்டே தூக்கிக் கடாசினேன்."

"அவர்கிட்ட அத்தாட்சி இல்லையா?"

"நம்பர் பிளேட்டுல 1709ன்னு போட்டிருந்தானாம், அதான் அடையாளமாம். அதை அழிச்சு 1234ன்னு மாத்திட்டேன். அது என்ன நம்பரோ, எவன் கண்டான்!"

நிலோஃபர் சமையல்கட்டுக்குள் போய்த் தன் போனைத் திறந்தாள். 'அலையாத்தி'யால் இனி அந்தக் குழுவுக்குள் நுழைய முடியாது.

ஷேக் பரீத் துபாயில் இருந்த நான்கு வருடம், தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு ஜன்னலாக அவள் செய்த பஸ் அது. நிக்காஹ் முடிந்து, ஒரு செப்டம்பர் பதினேழாம் தேதி, நிஜமான அந்த பஸ்ஸில்தான் அவளைக் கூட்டி வந்தான். இன்றும் செப்டம்பர் பதினேழு. அவன் அலையாத்தியின் பேரைப் போட்டதும், 'அது நான்தாங்க' என்று சொல்லிச் சிரிப்பதற்காகவே பாயசம் வைத்திருந்தாள்.

"இன்னொரு கரண்டி கொண்டா," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

கொண்டுபோய் ஊற்றினாள்.