சங்கு ஊதியதும்

"போன்ல எதுவும் பேசாதீங்க, ஒட்டுக் கேக்குறானுங்க. சாயங்காலம் ஷிப்டு சங்கு ஊதுனதும் எல்லாரும் போனை அணைச்சுட்டு முந்திரித்தோப்புக்கு வந்துடுங்க."

பெர்மனென்ட் கேட்டுப் போராடக் கிளம்பிய காண்ட்ராக்ட் தொழிலாளர்களை ஒவ்வொருவராக நேரில் பார்த்துச் சொன்னான் சவரிராஜ். கூட்டமும் கமுக்கமாக முடிந்தது.

விடிந்ததும் அவன் வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றார்.

"என்னப்பா, நேத்து கூட்டமா?"

சவரிராஜ் வெளியே வந்தான். "எவன் சார் காட்டிக் குடுத்தான்?"

"ஒருத்தனும் வாயத் தொறக்கலப்பா. சங்கு ஊதுன நிமிஷத்துல நாப்பது போன் ஒண்ணா அணைஞ்சா கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? யார் யாருன்னு அதுவே சொல்லிடுச்சு."

"அப்ப, அணைக்காம வச்சிருந்தா தப்பிச்சிருப்போமா சார்?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"நேத்தே தோப்புக்கு வந்திருப்போம்."