அக்கரை ஆஸ்பத்திரி

"ரெண்டுல எது நல்லதுன்னு நான் வாயைத் திறக்கக் கூடாதும்மா. இங்கே சட்டம் அப்படி. குடும்பம்தான் முடிவு பண்ணணும். நாளைக்குச் சொல்லுங்க" என்று கைவிரித்துவிட்டுப் போனாள் ஆஸ்பத்திரிக்காரப் பெண்.

வெர்னாவின் கையில் இரண்டு மருத்துவமனைகளின் பெயர் எழுதிய தாள் இருந்தது.

அவள் கணவர் ஹூபர்ட்டுக்கு நிமோனியா போய்விட்டது, மூச்சு இயந்திரம்தான் போகவில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். நினைவு தெளிவாக இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. இனி இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கடிக்கிற நீண்டகால மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் மகன் டுவெய்ன். "இங்கேயே பேட்டன் ரூஜ்ல புதுசா கட்டியிருக்கான். தனி ரூம், பெரிய ஜன்னல். நம்ம ஊர்ல இருக்கறது பழைய கட்டடம். பெயின்ட் உதிருது."

நம்ம ஊர் என்பது மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரை. நடுவில் அந்த உயரமான பாலம்.

அந்தப் பாலத்தில் வெர்னா ஒரு தடவைகூட வண்டி ஓட்டியதில்லை. ஏறினாலே கை மரத்துப்போகும், கண் இருட்டும். இத்தனை வருஷமும் ஹூபர்ட்தான் ஓட்டுவார். அவள் தலையைக் குனிந்து ஜெபமாலையை உருட்டுவாள். அம்மாவுக்கு பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தான் டுவெய்ன்.

இப்போது அவன்தான் தினமும் கூட்டிவருகிறான். வியாழக்கிழமை கடலில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குத் திரும்புகிறான். அப்புறம்?

புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது பாலம் பயம் என்று எப்படிச் சொல்வது? சொல்லி, அதனால் அவருக்கு மட்டமான இடம் அமைந்துவிட்டால்?

"நீ சொல்றதுதான் சரி" என்றாள் மகனிடம்.

"எது சரி?" என்றபடி வந்தாள் ஓடீல். ஹூபர்ட்டின் அக்கா. வெர்னாவுக்கு நாத்தனார் என்றால் நாத்தனார்தான்; கல்யாணத்தன்று கேக்கில் இனிப்பு போதவில்லை என்று சொன்னவள், இன்னும் நிறுத்தவில்லை.

"அந்தப் புது இடத்தை நானும் போய்ப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கலை. வாசல்ல செயற்கை அருவி வச்சிருக்கான். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு ஒண்ணுக்கு வருது."

"அத்தை, அங்கே படுக்கப் போறது அப்பா."

"காபியா அது? பாத்திரம் கழுவின தண்ணி. நர்ஸ் எல்லாம் சூயிங்கம் மெல்லுதுங்க. நம்ம ஊருக்கே கொண்டுபோவோம்."

டுவெய்னுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க பிங்கோ ஆடப் போற ஹாலுக்குப் பக்கத்துல இருக்கு, அதானே?"

"ஆமா, இருக்கு. வயசான காலத்துல தம்பியையும் பார்க்கணும், என் சௌகரியத்தையும் பார்க்கணும். அது தப்பா?"

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"இல்லை" என்றாள் ஓடீல். "வேணும்னா அந்த நுரையீரல் டாக்டரைக் கேளு. நான் கேட்டுட்டேன். ரெண்டு இடத்துக்கும் அவரேதான் போறாராம். மெஷினை விடவைக்கறதுல ரெண்டும் ஒண்ணுதானாம். அப்புறம் என்ன, பெயின்ட்டா வைத்தியம் பார்க்கப் போகுது?"

டுவெய்ன் போய்க் கேட்டுவிட்டு வந்தான். முகம் கடுகடுவென்றிருந்தது. "டாக்டர் அப்படித்தான் சொல்றார். எப்படியோ போங்க. நான் ஊர்ல இருக்கப் போறதில்லை. அத்தைகிட்ட யாரு மல்லுக்கட்டறது?"

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நாத்தனாரின் சுயநலத்துக்கு நன்றி சொல்வதா, அதற்காகப் பாவமன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. வெளியே மட்டும், "எப்பவும் உங்க பிடிவாதம்தான்" என்று முணுமுணுத்தாள்.

"கல்யாணத்தன்னிக்கே தெரியுமே உனக்கு" என்றாள் ஓடீல்.

பழைய கட்டடத்தில் உண்மையாகவே பெயின்ட் உதிர்ந்தது. ஆனால் வீட்டிலிருந்து நாலு தெரு. காலையில் போய் ஹூபர்ட்டுக்குச் சவரம் செய்துவிடுவாள். நாய் பக்கத்து வீட்டுச் செருப்பைத் தின்றது, பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே தூங்கியது எல்லாம் சொல்வாள். மதியம் வீட்டுக்குப் போய் இறால் சூப் வைத்து, தானே குடித்துவிட்டு, மறுபடி வருவாள். அவர் இயந்திரம் இல்லாமல் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டார். பிறகு அரை நாள். பிறகு ஒரு முழுப் பகல்.

ஒரு நாள் கழுத்துக் குழாயில் பேசுவதற்கான சின்ன மூடியைப் பொருத்தினார்கள்.

அது தெரியாமல், இரண்டு காபியோடு வந்த வெர்னா, திரைக்குப் பின்னால் கரகரத்த குரல் கேட்டு அப்படியே நின்றாள். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

"ஓடீல்... அவளுக்குப் பாலம்னா பயம்னு உன் உள்ளங்கையில எழுதிக் காட்டினேனே... அதை அவகிட்ட சொல்லிடலையே?"

"சொன்னா கூசிப்போயிடுவாளேடா. அவ என்னைத் திட்டிக்கிட்டே தினமும் நிம்மதியா வந்து போறா" என்றாள் ஓடீல். "மூச்சு வந்துடுச்சுன்னு நீ வாயைத் திறந்து கெடுத்துடாதே."