மாற்று ஏற்பாடு

டயபர் ஆலை தீப்பிடித்து எரிகிறது என்று செய்தி வந்ததும், கொள்முதல் மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நல்லதாப் போச்சு!" என்றார் வாய்விட்டே.

கிடங்குப் பொறுப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளியின் பன்னிரண்டு கடைகளுக்கும் அந்த ஒரே ஆலையிலிருந்துதான் டயபர் வந்துகொண்டிருந்தது.

"யாருக்காவது அடிபட்டுச்சா சார்?" என்று கேட்டாள்.

"ஆளுங்களுக்கு ஒண்ணுமில்லையாம். மெஷின்தான் போச்சு, மறுபடி ஓட மூணு மாசம் ஆகும். நீங்க ஏன்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? என் திட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு முதலாளி கண்ணால பாக்கட்டும். வாங்க மேல."

மேலாளர் ஆறு மாதத்துக்கு முன்பு வேலைக்கு வந்தவர். திரையில் நாலு அம்புக்குறி போடாமல் அவருக்குப் பேச்சே வராது. சுமை இறக்குகிறவர்கள் அவருக்கு அம்புக்குறி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அவருடைய வேதம் ஒன்றே ஒன்று. கிடங்கில் சரக்கு தூங்கக் கூடாது, ஒரு சப்ளையர் கைவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு இன்னொருவர் வர வேண்டும், அவ்வளவுதான். அவசரத்துக்கென்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த சரக்கையெல்லாம் மாதாமாதம் தள்ளுபடி விற்பனைக்குத் தள்ளிவிட்டார். "காலைல போட்டா மத்தியானத்துக்குள்ள காலி சார்! அள்ளிட்டுப் போறாங்க!" என்று முதலாளியிடம் மார்தட்டிக்கொண்டார்.

இரண்டாவது சப்ளையரையும் அவரேதான் தேடிப் பிடித்தார். சோதனைக்காக மூன்று முறை ஆர்டர் கொடுத்ததில் மூன்று முறையும் சரக்கு சொன்ன தேதிக்கு வந்து இறங்கியது.

அப்படி வந்த ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் ஒட்டியிருந்த ஏதோ சீட்டைச் சுரண்டி எடுத்த தடம் சதுரமாக இருப்பதை அவள் கவனித்தாள். கூட்டத்தில் சொல்லியும் பார்த்தாள். "பெட்டியையா குழந்தைக்குக் கட்டப் போறாங்க?" என்றார் அம்புக்குறி. எல்லோரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிற இடத்தில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மேலே முதலாளியின் மேசையில் ஒரு காகிதம் காத்திருந்தது. கிடங்கை மூடுவதற்கான உத்தரவு அது. அவர் கையெழுத்துப் போட்டால் மாதக் கடைசியில் பதினோரு சுமைக்காரர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அவளும்தான். ஐம்பது வயதில் அவளுக்கு யார் வேலையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "குடோன்ல டயபர் எத்தனை நாளைக்கு இருக்கு?"

"ரெண்டு நாளைக்கு சார். தனியா மூணு வாரச் சரக்கு வச்சிருந்தேன். அதெல்லாம் தள்ளுபடிக்குப் போயிடுச்சு."

"பழைய பாட்டையே பாடுறாங்க சார்," என்று குறுக்கே விழுந்தார் அம்புக்குறி. "இவங்களுக்கு உலகமே நாலு சுவரும் ஒரு பூட்டும்தான். ஒரே ஒரு போன் பண்றேன், நீங்களே கேளுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாலு சுவரும் பூட்டும் இல்லாவிட்டால் நீ விற்பதற்கு என்னடா இருந்திருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அம்புக்குறி இரண்டாவது சப்ளையரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசை நடுவில் வைத்தார்.

"அண்ணே, அந்த ஆலை எரிஞ்சு போச்சு. அவசரமா ரெண்டு லாரி டயபர் வேணும். முடியுமா?"

"முடியாம என்ன சார்? லாரி ரெண்டும் வாசல்லயே நிக்குது. டிரைவருங்ககூட ரெடி. நீங்க சொன்னா அடுத்த நிமிஷம் கிளப்பிடுவேன்."

அம்புக்குறி நாற்காலியில் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா சார்? இதுக்குப் பேருதான் மாற்று ஏற்பாடு. ஒரு கதவு மூடினா இன்னொரு கதவு. நடுவுல எதுக்கு சார் தண்டத்துக்கு ஒரு குடோன்?"

முதலாளி பேனாவைத் திறந்தார். கீழே பதினோரு பேர் நிற்கிறார்களே, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றிருந்தது அவளுக்கு.

போகிற வரைக்கும் வேலை வேலைதானே. லாரி வருகிறதென்றால் ஆள் வேண்டும். அவள் போனருகே குனிந்தாள்.

"ஐயா, குடோன்லேருந்து பேசுறேன். லாரி எத்தனை மணிக்கு இங்க வந்து சேரும்? இறக்குறதுக்கு ஆளு நிறுத்தணும்."

"இறக்குறது இருக்கட்டும்மா, முதல்ல ஏத்தணும் இல்ல?" என்றது போன். "இந்த மாசத் தள்ளுபடி எந்தக் கடையில போடுறீங்க? இன்னும் விளம்பரமே வரலையே!"

அம்புக்குறியின் கால் தானாகக் கீழே இறங்கியது. முதலாளியின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எங்க கடைத் தள்ளுபடிக்கும் உங்க லாரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் முதலாளி.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? நீங்க வித்தாத்தானே நான் உங்களுக்குச் சப்ளை பண்ண முடியும்!"