சீட் புத்தகம்

"தொண்ணூறு அடியில சீட் கைப்பிடிய இழுக்கறேன். விமானம் கல்லு மாதிரி விழுந்துக்கிட்டு இருக்கு. ஆனா உன் ஆளு பாராசூட்ல ஜம்முனு இறங்கி, தூசியத் தட்டிட்டு நடந்து போறான்! இது போர் விமானமா, பொருட்காட்சி ராட்டினமா?"

ஹெட்போனில் லாயிட் கேட்ட கேள்வியில் ஆர்லீனுக்குச் சுள்ளென்று ஏறியது.

நாலு வருட உழைப்பு. வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக அந்தப் பழைய பயிற்சி ஜெட்டை ஆணி ஆணியாகச் செய்திருந்தாள். அந்த ஜெட் நின்ற, அவள் மெக்கானிக்காக வேலை பார்த்த விமானப்படைத் தளத்தையும் விடவில்லை. சஸ்காட்சுவான் மாகாணத்தில் இருந்த அந்தத் தளத்தை மூடி, ஓடுபாதையைப் பெயர்த்து, அரசாங்கம் மறந்தே போயிருந்தது. ஆர்லீனின் கணினியில் மட்டும் கொட்டகைக் கதவின் துரு முதற்கொண்டு அப்படியே இருந்தது.

லாயிட் சரி என்றால்தான் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் குழுவின் இணையப் பக்கத்தில், 'அசலுக்கு நிகர்' என்ற பட்டியலில் அது ஏறும். லாயிட் அந்தக் காலத்தில் இதே ஜெட்டை வேறொரு தளத்தில் ஓட்டியவர். இருவருக்கும் எட்டு வருடப் பழக்கம், குரலோடு சரி. முகம் பார்த்ததில்லை.

இறக்கை பிரமாதம், சத்தம் பிரமாதம், சக்கரம் இறங்கும்போது வரும் அந்த உதறல்கூடப் பிரமாதம் என்றார். ஆபத்தில் விமானியைத் தூக்கி வெளியே எறிகிற இருக்கை மட்டும் பொய் என்றார்.

பொய்யாம்!

"யோவ் லாயிட், பதினோரு வருஷம் அந்த சீட்டக் கழட்டி மாட்டுனவ நான். ஐம்பது அடி இருந்தாப் போதும், பாராசூட் விரிஞ்சே தீரும். சீட் புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. கொல்லன் தெருவுல ஊசி விக்க வராதய்யா."

"அது நேராப் போற விமானத்துக்கு, ஆர்லீன். விழுற விமானத்துக்கு இல்ல."

அவர் மைக்குக்குப் பக்கத்திலேயே சிப்ஸ் மென்றுகொண்டு பேசியது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவளுடைய இருக்கைக்கு நொட்டை சொல்கிறார். ஓட்டுகிறவர்களுக்கு எப்போதுமே இந்தத் திமிர் உண்டு. கீழே நின்று திருப்புளி பிடித்தவளுக்கு என்ன தெரியும் என்கிற திமிர்.

மாற்ற மாட்டேன் என்றாள். மாற்றாவிட்டால் பட்டியலில் இடம் கிடையாது என்றார் அவர். உன் பட்டியலைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்றாள். ஐம்பது அடி என்றால் ஐம்பது அடிதான். அவள் தன் வாழ்க்கையில் எதையாவது சத்தியம் பண்ணிச் சொல்வாள் என்றால் அது இந்தக் கணக்கைத்தான்.

"சும்மா கத்தாத. நீ பாத்தது மெக்கானிக்குங்க புத்தகம். இது எங்க புத்தகம். பாத்துட்டுத் திட்டு."

திரையில் ஒரு பக்கத்தின் படம் வந்து விழுந்தது.

திட்டுவதற்காகத்தான் அதைத் திறந்தாள். ஒரு வரைபடம். கீழே விமானம் விழும் வேகம், பக்கவாட்டில் தேவையான உயரம். கோடு ஐம்பது அடியில் ஆரம்பித்து விறுவிறுவென்று மேலே ஏறியது. நிமிடத்துக்கு ஐயாயிரம் அடி வேகத்தில் விழுந்தால் குறைந்தது முன்னூறு அடி உயரம் வேண்டும். அதற்குக் கீழே இழுத்தால், இருக்கை எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும், பாராசூட்டை யார் எப்படி மடித்து வைத்திருந்தாலும், அது விரிய நேரம் இல்லை.

பதினோரு வருடத்தில் இந்தப் பக்கத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விமானிகளின் புத்தகத்தை மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை.

எங்கேயாவது தப்பு இருக்கும் என்று தேடினாள். பக்கத்தின் அடியில் அச்சான தேதி இருந்தது. மார்ச் 1979.

"எழுபத்தொன்பதுலயே இது உங்ககிட்ட இருந்துச்சா?"

"பின்ன? பரீட்சையில கேப்பாங்கம்மா. மேலதிகாரி, விசாரணைக் கமிட்டி, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஏன்?"

ஆர்லீன் அந்தத் தேதியை மறுபடி படித்தாள்.

"சரி விடு, கோவிச்சுக்காத. அப்படியே பட்டியல்ல போட்டுடறேன்" என்று லாயிட் இறங்கி வந்தார்.

அவள் ஹெட்போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். பாவிகளா, பாவிகளா என்று, தனியாக இருந்த அந்த வீடு அதிரும்படி கத்தினாள்.

1988 ஆகஸ்டில் கேப்டன் ரஸ்ஸல் பெனுவா, விழுந்துகொண்டிருந்த ஜெட்டிலிருந்து நூற்றுப்பத்து அடியில் இருக்கையின் கைப்பிடியை இழுத்தான். பாராசூட் விரியவில்லை. விசாரணை மேசைக்கு முன்னால் ஆர்லீனை நிறுத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அதை மடித்து வைத்தது யார்?

நான்தான், சார் என்றாள்.

அறிக்கை மேலே போனது. அதில் என்ன இருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளே கிடங்கில் போர்வை எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். உன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை, ஒருவன் சொல்லவில்லை.

அந்த மாதமே அவள் பஸ் பிடித்து ரஸ்ஸலின் அம்மா வீட்டுக்குப் போய், உங்கள் பிள்ளையைக் கொன்றது என் கைதான் என்று வாசலில் நின்று சொன்னாள். அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள். ஆர்லீன் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

போன குளிர்காலத்தில் செத்துப்போகும்வரை, அந்த அம்மாள் கதவைத் திறக்கவே இல்லை.