இடுப்பு வைத்த முட்டை

"நீ செய்வினை வெக்கலீன்னா கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுடி!"

மாரியம்மன் கோயில் வாசலில் சௌந்திரம் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி இப்படிச் சந்திக்கு இழுப்பாள் என்று மாரக்காள் கனவிலும் நினைக்கவில்லை.

"நான் ஒரு பாவமும் அறியேனுங்க பூசாரி. இவங்க ஊட்டுப் படியைக்கூட மிதிச்சதில்லீங்க."

"அப்புறம் எப்படி என்ற கோழி பத்து நாளா இப்படிப் போடுது? நாலு பண்ணையில வேலை பார்த்தவ நான். இந்த மாதிரி முட்டையைக் கண்டதே இல்லை!"

சௌந்திரம் மஞ்சள் துணியைப் பிரித்தாள். உள்ளே, சுரைக்குடுக்கை போல நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு முட்டை. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். "அணை சாமி. தப்பு யாருதோ, ஆத்தா பார்த்துக்குவா."

மாரக்காள் கையை நீட்டினாள். முட்டை கண்ணில் பட்டதும் நீட்டிய கை அப்படியே நின்றது.

"பாருங்க, பயந்துட்டா!" என்று சௌந்திரம் கத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்க, வாரேன்" என்று வீட்டுக்கு ஓடிய மாரக்காள், அரிசிப் பானைக்குள் வைத்திருந்த மூன்று முட்டைகளை மடியில் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றுக்கும் அதே இடுப்பு.

"என்ற கருங்கோழி எப்பவுமே இப்படித்தானுங்க போடும். அது காணாமப் போயி இன்னியோட பதினோரு நாளாச்சு."

பூசாரி கற்பூரத் தட்டைச் சௌந்திரத்தின் பக்கம் திருப்பினார்.