வீட்டில் கேட்ட வாக்கியம்

“இன்னிக்கும் நான் ஒருத்திதானா சார்?”

காலியான பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள் கிரிஜாபாய். சௌராஷ்டிரக் குழந்தைகளுக்குத் தாய்மொழி சொல்லித்தர, பிள்ளையார்பாளையத்துச் சபா மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி அது. மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு ஆன வருஷம். தொடங்கிய அன்று உட்கார இடமில்லை.

“சர்ட்டிபிகேட் சர்க்கார் வேலைக்கு ஆவாதுன்னு தெரிஞ்சதும் பறந்துட்டாங்கம்மா” என்றார் சாந்தாராம். ஓய்வுபெற்ற வாத்தியார். “வீட்ல பேசலைன்னா பாஷை செத்துடும்னு ஆயுசெல்லாம் கத்திக்கினு இருக்கேன். செவிடன் காதுல ஊதின சங்கு. நீயும் போயிட்டா, நானே இதுக்குக் கொள்ளி வெச்சுட வேண்டியதுதான்.”

“நான் போவ மாட்டேன் சார். ‘வாத்தியாரம்மாவுக்குச் சொந்த பாஷை தெரியலை’ன்னு கிண்டல் பண்ணிட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு பம்பாய் மில்லுக்குப் போனாரு. பொங்கலுக்கு வந்து கூட்டிக்கினு போறேன்னாரு. ரயிலேறினதும் நம்ம பாஷையிலயே பேசி அசத்தணும்.”

சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள்.

“உங்க வீட்ல பேச மாட்டாங்களா?”

“அப்பாவும் அம்மாவும் பேசிக்குவாங்க. நான் வந்தா தமிழ்தான். ரெண்டு பாஷை பேசினா படிப்பு ஏறாதுன்னு சின்னதுலயே விட்டுட்டாங்க.”

“சரி, வீட்ல கேட்ட ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேனே?”

“தறிக்குப் பின்னால நின்னு கேட்டேன் சார். தினமும் இதையேதான் பேசிக்கிறாங்க.”

அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். சாந்தாராமின் முகம் மலர்ந்தது. எவ்வளவு சுத்தமான உச்சரிப்பு! மறுகணம், கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டார்.

“அர்த்தம் என்ன சார்?”

“அது... வழக்கொழிஞ்ச பேச்சும்மா. இப்ப யாருக்கும் தெரியாது.”

“தினமும் பேசறாங்களே சார்!”

“கெளம்பும்மா. நாளையிலேர்ந்து வகுப்பு கெடையாது.”

“ஐயோ, ஒருத்திக்குச் சொல்லிக்குடுக்க சலிப்பா சார்? இன்னும் ரெண்டே மாசம், எல்லாம் எனக்குப் புரிஞ்சுடும் சார்!”



“அதனாலதாம்மா” என்று தனக்குள் முணுமுணுத்தபடி அவர் கரும்பலகையை அழித்தார்.

மண்டபத்தைப் பூட்டும்போதும் அந்த வாக்கியம் அவர் காதை விட்டுப் போகவில்லை: ‘மாப்பிள்ளை பம்பாய்ல வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டாரு, இதை இவகிட்ட யாரு சொல்றது?’