பியர் எப்படி மச்சான்?

"எப்படி இருக்கு மச்சான், புடிச்சிருக்கா?"

கேட்டுவிட்டு சிவசாமி, மூத்த மச்சான் முத்துலிங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முத்துலிங்கம் கிளாஸை ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கசப்புங்க. பாகற்காய்ச் சாறு கெட்டுச்சு போங்க!"

சிவசாமி பதறிப்போனார். பதறாமல் என்ன செய்வார்? அடுத்த ஞாயிறு இளைய மகள் தனுஷிகாவுக்குக் கல்யாணம். மூத்தவள் கல்யாணத்தில் இவரும், மனைவி லெட்சுமியின் சகோதரர்கள் மூன்று பேரும் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, பந்தல் காலைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. ஆனால் தாய்மாமன் கைபிடித்துக் கூட்டி வராமல் பெண் எப்படி மணவறை ஏறுவாள்? லெட்சுமி அழுது புரண்டு மூவரையும் வட்டகொடையிலிருந்து இன்று வரவழைத்திருந்தாள். வந்தவர்கள் கல்யாணத்துக்கு வருகிறோம் என்று இன்னும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஊற்றிக் கொடுக்கிற கிளாஸை வாங்கிக் குடித்தால் கோபம் தீர்ந்தது. வேண்டாம் என்றால் தீரவில்லை. அதற்காகவே சிவசாமி நுவரெலியா வரைக்கும் போய், எல்லாரும் ஆகா ஓகோ என்கிற வெளிநாட்டுப் பியரை, பச்சை டின்னாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். மூன்று பேரும் கிளாஸை வாங்கியும்விட்டார்கள். அடுப்படியில் கோழியைப் புரட்டிவிட்டு இவர் வந்து பார்த்தால் கிளாஸெல்லாம் காலி.

சிவசாமி மட்டும் தொடவில்லை. "நீங்க ஒரு சொட்டு தொட்டாலும் நான் மணவறையில உக்கார மாட்டேன்பா" என்று தனுஷிகா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பிள்ளை அது. இவரும் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"கசப்பா?" என்றார் நடு மச்சான் கஜேந்திரன், காலியான கிளாஸைத் தூக்கிக் காட்டி. "அண்ணனுக்கு நாக்கு செத்துப்போச்சு. சும்மா கித்துள் பாணி மாதிரி இனிக்குது மச்சான்!"

"இனிக்குதா?" சிவசாமி விழித்தார். பியர் எங்கேயாவது இனிக்குமா?

வாசல் பக்கம் நின்ற கடைசி மச்சான் துஷாந்த் திரும்பினான். "ரெண்டு அண்ணனுக்கும் ஒண்ணும் தெரியல. கசப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. வெறும் தண்ணி. ஆனா ஏறுது பாருங்க, கிர்ருன்னு ஏறுது!"

"தண்ணின்னா எப்படிடா ஏறும்?" முத்துலிங்கம் அதட்டினார்.

"உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே கசக்குது?"

"நாக்கு இருக்கு, கசக்குது!"

"எனக்கும்தான் நாக்கு இருக்கு, இனிக்குதே!" என்று கஜேந்திரன் எழுந்தார்.

ஐயோ, போச்சு! மறுபடியும் பந்தல் கால்தான் என்று சிவசாமி இருவருக்கும் நடுவே புகுந்தார். "இருங்க, இருங்க. பொரிச்ச கோழி கொண்டாறேன்" என்று அடுப்படிக்குள் ஓடினார்.

லெட்சுமி பக்கத்து வீட்டில் மிளகாய்த்தூள் வாங்கப் போயிருந்தாள். சிவசாமி ஒரு டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே கடை, ஒரே பெட்டி. திகதியும் முடியவில்லை. பிறகு ஏன் ஒருவருக்குக் கசந்து, ஒருவருக்கு இனித்து, ஒருவருக்குத் தண்ணீராக இருக்கிறது? கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? இல்லை, கல்யாணத்துக்கு வராமல் இருக்க இவர்கள் சாக்குத் தேடுகிறார்களா?

ஒன்றும் விளங்கவில்லை. மண்டை காய்ந்தது.

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் குடித்ததாகுமா? மகள் கல்யாணத்துக்காகத்தானே! டின்னை உடைத்து ஒரு மிடறு விட்டார். கசந்தது. முத்துலிங்கம் சொன்னது சரிதான். இன்னொரு மிடறு. அடியில் லேசாக இனிக்கிற மாதிரியும் இருந்தது. கஜேந்திரனும் பொய் சொல்லவில்லை. தண்ணீர் மாதிரியா என்று பார்க்க இன்னும் இரண்டு மிடறு. டின் தீர்ந்தது, குழப்பம் தீரவில்லை.

கோழித் தட்டோடு அவர் திரும்பி வரும்போது, தோட்டத்தில் முட்டைக்கோஸ் பறித்துக்கொண்டிருந்த தனுஷிகா, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைமுடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாசமோ கள்ளுக்கடை வாசம்.

"ஜன்னல் வழியா என் தலையில பியர் ஊத்துனது யாரு?"

முத்துலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிரு தாயி, நீ கீழ நிக்கிறத பாக்கல. போன்ல அப்படி அழுதியே, கல்யாணம் முடியிற வரைக்கும் குடிக்காதீங்க மாமான்னு. சரின்னு ஒன் மேல சத்தியம் பண்ணினேன். இங்க வந்தா ஒங்கப்பா ஊத்திக் குடுக்குறாரு. வேணாம்னா கோவம் தீரலன்னு ஆயிருமே! அதான் வாங்கி வெளிய ஊத்திட்டு, வாய்க்கு வந்தத சொன்னேன்."

கஜேந்திரன் வாயைப் பிளந்தார். "அண்ணே, ஒங்ககிட்டயுமா அழுதா? நான் அந்த மூலையில இருக்க கோழித் தண்ணிச் சட்டியில ஊத்தினேன்."

"நான் வாசல்ல ஓடுற சாக்கடைக் கான்ல ஊத்தினேன்" என்றான் துஷாந்த், தலையைச் சொறிந்துகொண்டு. "நீங்க ரெண்டு பேரும் குடிக்கிறீங்கன்னு நெனச்சித்தான் நானும் எதையோ ஒளறினேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்கிற சிரிப்பு!

"ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாறோம்" என்று முத்துலிங்கம் தனுஷிகாவின் கையைப் பிடித்தார். "இந்தக் கைய நாங்க புடிக்காம வேற யாரு புடிப்பா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா மட்டும்தான் சொன்ன சொல்லக் காப்பாத்துவாருன்னு நெனச்சேன் மாமா. நீங்களும் காப்பாத்திட்டீங்க. இல்லியாப்பா?"

எல்லாரும் சிவசாமியைப் பார்த்தார்கள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

ஆட்டிய வேகத்தில் வந்தது, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஓர் ஏப்பம்.